ரெண்டு மடக்கு இளநி

அந்தப் பையக் கொஞ்சம் அங்கிட்டு நகட்டு தாயி, உக்காந்துக்கிறேன். முட்டி ரெண்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. ம்... யாரு உள்ள? உங்கய்யாவா? இன்னைக்குத்தான் மொதல் டயாலிசிஸா? அதான் பாத்தேன். மொத நாளு வர்றவங்க எல்லாரும் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. நாலு மணி நேரம் தாயி. கதவப் பாத்தாலும் நாலு மணி நேரந்தான், பாக்காட்டியும் நாலு மணி நேரந்தான்.

பையில என்ன, சாப்பாட்டுச் சாமானா? தொறந்து காட்டு பாப்போம். ஏன் முழிக்கிற? பிடுங்கித் திங்க மாட்டேன். சரி, இருக்கட்டும். அப்புறமாக் காட்டு.

எனக்கு இப்ப உள்ள யாரும் இல்ல. எங்க வீட்டுக்காரரு எறந்து அஞ்சு மாசம் ஆச்சு. தவமணின்னு பேரு. செவ்வா, வியாழன், சனின்னு ரெண்டு வருசம் அவரக் கூட்டிக்கிட்டு வந்து இதே பெஞ்சிலதான் உக்காந்திருந்தேன். இப்பவும் அந்தக் கெழம வந்தா காலு தானா பஸ்ஸுல ஏறிருது. வாட்ச்மேன் ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவ, "ஏம்மா, இன்னும் எதுக்கு வர்ற?"ன்னு கேட்டாரு. சும்மான்னேன். இப்பக் கேக்குறதில்ல. வீட்டுல இருந்தாலும் இப்படித்தான் உக்காந்திருப்பேன். அங்க இருக்கறதுக்கு இங்க இருக்கேன்.

அழுகையா? அதெல்லாம் வர்றதில்ல. எழவு வீட்டுலயும் வரல. ஊசி போட்ட எடம் மரத்துப்போயிருக்கும்ல, கிள்ளுனா கிள்ளுறது தெரியும், வலி தெரியாது. அந்த மாதிரி. ஜோயல் தம்பிகிட்டக்கூடக் கேட்டேன், இதுக்கு ஏதும் ரத்த டெஸ்டு இருக்கான்னு. ஜோயல்னா உள்ள மிசினு பாக்குற டெக்னீசியன், கண்ணாடி போட்டிருப்பாரு, உங்கய்யாவுக்கு ஊசி குத்துனாருல்ல, அவருதான். நான் கேட்டதுக்கு அவரு சிரிக்கல.

நான் எட்டாங்கிளாசு தாயி. அதுலயும் அறிவியல்ல ஊத்திக்கிச்சு. கிட்னி எங்கடி இருக்குன்னு கேட்டா வயித்தத் தொட்டுக் காட்டியிருப்பேன். படிச்சதெல்லாம் இந்தப் பெஞ்சிலதான். ஒரு பொஸ்தகம் இல்ல, ஒரு பரிச்ச இல்ல. மிசினு ஓடுற நேரத்துல ஜோயல் தம்பி டீ குடிக்க வெளிய வருவாரு, அவரக் கேப்பேன். மிச்சத்துக்கு ஆமினாக்கா. அந்தா, தூணுக்குப் பக்கத்துல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்கல்ல, அவுங்கதான். அவுங்க வீட்டுக்காரரு ஆறு வருசமா டயாலிசிஸ்லயே ஓட்டுறாரு. இந்தப் பெஞ்சுக்கு அவுங்கதான் ஹெட்மாஸ்டரு.

மொதப் பாடம் தண்ணி. ஒரு லிட்டரு தண்ணி ஒரு கிலோ. உனக்குத் தெரியுமா இது? எனக்குத் தெரியாது. தண்ணிக்கு என்ன எடைன்னு இருந்துட்டேன். ஒண்ணுக்கு போகாத ஒடம்புல குடிச்ச தண்ணி அப்படியே நிக்கும். சனிக்கெழம மிசின்ல இருந்து எறங்குறப்ப அம்பத்தி நாலு கிலோ, செவ்வாக்கெழம வர்றப்ப அம்பத்தி ஏழுன்னா, மூணு லிட்டரு உள்ள நிக்குதுன்னு அர்த்தம். அது மூச்சுலயும் நெஞ்சுலயும் போயி முட்டும். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு முக்கா லிட்டருதான்னு டாக்டரு சொல்லிட்டாரு. அவரு என்ன வேல பாத்தாருன்னு நெனைக்கிற? பஞ்சாயத்து டேங்குல தண்ணி தொறந்துவிடுற வேல. இருவத்தெட்டு வருசம் ஊருக்கே தண்ணி விட்டவருக்கு முக்கா லிட்டரு. நான் எப்படி அளந்தேன்னு கேளு. காலி குவாட்டரு பாட்டில் ஒண்ணு கழுவி வெச்சுக்கிட்டேன். நூத்தி எம்பது மில்லி, சர்க்காரு அளவு, தப்பவே தப்பாது. காலையில ஒரு குவாட்டரு, மத்தியானம் ஒண்ணு, அந்தியில ஒண்ணு, படுக்குறப்ப ஒண்ணு. ஜோயல் தம்பி கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "டாக்டருக்கே தோணாதுக்கா இது"ன்னாரு.

ரெண்டாவது பொட்டாசியம். இத நல்லாக் கேட்டுக்க தாயி. இது நமக்கெல்லாம் நல்லது, இவங்களுக்கு வெசம். பழத்துல, கீரையில, உருளைக்கெழங்குல, இளநில கெடக்கு. ரத்தத்துல அஞ்சு இருக்கலாம். அஞ்சர தாண்டக் கூடாது. ஆறு தாண்டுனா நெஞ்சு எப்ப வேணாலும் நிக்கும். சொல்லிட்டு நிக்காது, டக்குனு நிக்கும்.

அதுக்கு ஆமினாக்கா ஒரு வழி சொன்னாங்க. காயத் தோல சீவி, பொடிசா நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு மணி நேரம் போட்டு வெச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, வேற தண்ணியில வேக வெச்சு, அதையும் கொட்டிரணும். எப்படிக்கா தண்ணிக்குள்ள எறங்குதுன்னு கேட்டேன். அது அவுங்களுக்குத் தெரியல. ஜோயல் தம்பி சொன்னாரு, எந்தச் சத்தும் ஜாஸ்தி இருக்கற எடத்துலருந்து கம்மியா இருக்கற எடத்துக்குத்தான் போகுமாம். உள்ள மிசினும் அதேதானாம். ரத்தம் ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம், நடுவுல சன்னமா ஒரு சவ்வு. பாத்தியா, இருக்கறவன்கிட்டருந்து இல்லாதவன்கிட்டப் போகுது. மனுசப் பயலுகதான் தலகீழு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி சட்டியில கெடந்த உருளைக்கெழங்க ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். தண்ணி கலங்குனாப்புல இருந்துச்சு. எனக்கு என்னமோ நானே கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு தாயி. பொய் சொல்லல. அவரு படுத்துக் கெடந்த அந்த ரெண்டு வருசத்துல எனக்குச் சந்தோசம்னு ஒண்ணு இருந்துச்சுன்னா, அது இதுதான்.

நோட்டு ஒண்ணு போட்டேன். தேதி, எடை, பிரசரு, பொட்டாசியம். பொட்டாசியம் அஞ்சு, அஞ்சு புள்ளி ஒண்ணு, நாலு புள்ளி ஒம்போது. ஒண்ணர வருசம் அப்படியே கோடு போட்ட மாதிரி வெச்சிருந்தேன். டாக்டரு மத்தவங்ககிட்ட, "ஒச்சம்மாவப் பாத்துக் கத்துக்கங்க"ன்னு சொன்னாரு. ஒச்சம்மா நாந்தான். எங்க தெருவுல சுகரு வந்தவங்க, பிரசரு வந்தவங்க எல்லாம் எங்கிட்ட வந்து கேப்பாங்க. எங்க நாத்தனா பவுன்தாயி, சோழவந்தான்ல கட்டிக் குடுத்துருக்கு, அவ வந்தா வாயத் தொறந்துக்கிட்டு கேப்பா. "மதினி பேசுனா நர்சம்மா பேசுன மாதிரி இருக்கு"ம்பா. அவ நாலாப்புத்தான்.

மூணாவது உப்பு.

உப்புல சோடியம். அது தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கிரும், தாகத்தக் கூட்டும். அதனால உப்பக் கொறைக்கணும். உப்பு இல்லாம, ரெண்டு தண்ணி வடிச்ச காயி. நீ தின்னு பாரு. வைக்கோலத் தின்ன மாதிரி இருக்கும். அவரு தட்டுல வெரல வெச்சுக்கிட்டு இருப்பாரு. "ஒச்சம்மா, ஒரே ஒரு கல்லு போடேன்"ம்பாரு. மாட்டேன்னுருவேன்.

ஒரு நா உசிலம்பட்டில சூப்பர் மார்க்கெட்டுக்குச் சோப்பு வாங்கப் போனேன். அங்க ஒரு உப்புப் பாக்கெட்டு. மேல சேப்பா இதயம் படம். கீழ தமிழ்ல, சோடியம் குறைவான உப்புன்னு எழுதியிருக்கு. நின்னுட்டேன் தாயி. பக்கத்துல சுடிதாரு போட்ட பிள்ள ஒண்ணு சும்மா தள்ளுவண்டிய உருட்டிக்கிட்டுப் போகுது. அதுக்கு அது வெறும் பாக்கெட்டு. எனக்கு அந்த எழுத்து என்ன சொல்லுதுன்னு தெரியும். எட்டாங்கிளாசுல ஊத்திக்கிட்ட எனக்குத் தெரியும். வாங்கிட்டேன்.

ஜோயல் தம்பிகிட்டக் கேட்டியான்னா, கேக்கல. கேக்கணும்னே தோணல. தெரிஞ்சத எதுக்குக் கேக்குறது? ஆமினாக்காகிட்ட மட்டும் சொன்னேன். "வெல ஜாஸ்தியா இருக்கு, நமக்கெதுக்குடி"ன்னு விட்டுட்டாங்க.

அன்னைக்கு ரசத்துல அந்த உப்பப் போட்டேன். நல்ல உப்புதானே, தாராளமாவே போட்டேன். சாப்புட்டுட்டு என்னையப் பாத்தாரு. ரெண்டாவது தடவ சோறு கேட்டாரு. ஒண்ணர வருசத்துக்கு அப்புறம் கேக்குறாரு. நான் அடுப்படியில போயி நின்னுக்கிட்டேன்.

நாலஞ்சு நாளு கழிச்சு, "உப்பு லேசாக் கசக்குதுடி"ன்னாரு. நான் வஞ்சேன். கிட்னி போனவங்களுக்கு ரத்தத்துல அழுக்குச் சேரும், அதனால நாக்குல கசப்பு வரும், இரும்பு நக்குன மாதிரி இருக்கும். இது ஜோயல் தம்பி சொன்னது, உண்மையும்கூட. அதத்தான் அவருக்குச் சொன்னேன். "உப்பு கசக்கல, உங்க நாக்குதான் கசக்குது"ன்னேன். "அப்படியா, சரி"ன்னாரு. எங்கிட்ட எதுத்துப் பேசுற பழக்கம் அவருக்கு இல்ல. எனக்குத்தான் எல்லாம் தெரியும்ல.

அந்த மாசம் பொட்டாசியம் அஞ்சு புள்ளி எட்டு. டாக்டரு, "என்னம்மா குடுத்த?"ன்னாரு. வாழப்பழமா, இல்ல. கீரையா, இல்ல. உப்பு கொறச்சுட்டியான்னாரு. நல்லாக் கொறச்சுட்டேன் சாருன்னேன். குட்னாரு. வீட்டுக்கு வந்து காய ரெண்டு மணி நேரத்துக்குப் பதிலா நாலு மணி நேரம் ஊறப் போட்டேன். மூணு தண்ணி வடிச்சேன். அது சக்கையாப் போச்சு. சக்கைய எப்படித் திம்பாரு? அதுக்கு இன்னுங் கொஞ்சம் உப்புப் போட்டேன். அடுத்த மாசம் ஆறு புள்ளி மூணு. இன்னொரு தண்ணி வடிச்சேன். இன்னுங் கொஞ்சம் உப்பு.

புரியுதா தாயி? உனக்குப் புரிஞ்சிருச்சு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எனக்குப் புரியல.

ஒரு ஞாயித்துக்கெழம ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். நான் இல்லாதப்ப பவுன்தாயி அண்ணனப் பாக்க வந்திருக்கா. அவ வீட்டுக் கொல்லையில ஒரு தென்ன. அவ கல்யாணமாகிப் போனப்ப அவரு தலையில தூக்கிட்டுப் போயி நட்ட தென்னம்பிள்ள அது. அதுலருந்து ரெண்டு இளநி வெட்டிட்டு வந்திருக்கா, எனக்காம். மதினி உழச்சு உழச்சு எளச்சுப் போச்சு, மதினி குடிக்கட்டும்னு. இவரு பாத்துட்டு, "ஒரு டம்ளரு குடு தாயி"ன்னு கேட்டிருக்காரு. அவ மாட்டேன்னுருக்கா. அவரு கையெடுத்துக் கும்புட்டாராம். தங்கச்சிகிட்டக் கையெடுத்துக் கும்புட்டா அவ என்ன செய்வா? ஒரு டம்ளரு ஊத்திக் குடுத்துட்டா.

மறுநா மத்தியானம் எங்கையால ரசஞ் சோறு சாப்புட்டாரு. கை கழுவ எந்திரிச்சாரு. "கை காலெல்லாம் மரமரங்குது ஒச்சம்மா"ன்னாரு. அதான் கடைசி. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தோம். ரத்த டெஸ்டு பேப்பரப் பாத்த டாக்டரு, "பொட்டாசியம் எட்டுக்கிட்ட இருக்கு, என்ன குடுத்தீங்க?"ன்னு கத்துனாரு. பவுன்தாயி வாசல்லயே உக்காந்து, "நாந்தான் இளநி குடுத்தேன், நாந்தான் குடுத்தேன்"னு மண்டையில அடிச்சுக்கிட்டா.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கல. எழவு வீட்டுல பந்தலுக்குக் கீழ சனம் பூரா உக்காந்திருக்கு. ஒப்பாரி வெக்க வேண்டிய பொம்பள நான், நின்னு பாடம் நடத்துனேன் தாயி. ஒரு டம்ளரு இளநில அறுநூறு மில்லிகிராம் பொட்டாசியம். அது ரத்தத்துல போனா நெஞ்சு எப்படி நிக்கும், எதுக்கு நிக்கும், எல்லாம் சொன்னேன். வயசான ஆளுகெல்லாம் தலைய ஆட்டிக் கேட்டாங்க. எம்பேச்ச சனம் அப்படிக் கேட்டது அன்னைக்குத்தான். கடைசியா, "ஒன் அண்ணன நீயே கொன்னுட்டடி"ன்னேன். பவுன்தாயி எந்திரிச்சு தண்ணிக் கொடத்துக்குப் பின்னாடி போயி உக்காந்துக்கிட்டா. கேதத்துக்கு வந்த ஒருத்தரும் அவளக் கட்டிப்பிடிச்சு அழுகல.

கருமாதி முடிஞ்சு நாலஞ்சு நாளு இருக்கும். வீட்டுல மிச்சங் கெடந்த மாத்திர, எடை மிசினு, எல்லாத்தையும் மூட்ட கட்டிக்கிட்டு இங்க வந்தேன். அந்த உப்பும் ஒரு பாக்கெட்டு பிரிக்காமக் கெடந்துச்சு. அது ஆமினாக்காவுக்குன்னு தனியா வெச்சிருந்தேன். வெல ஜாஸ்தின்னாங்கல்ல, சும்மாவே குடுப்போம்னு. மாத்திரைய வாங்க வந்த ஜோயல் தம்பி அதக் கையில எடுத்தாரு. பின்னாடி இங்கிலீசுல பொடி எழுத்து. அதப் படிச்சாரு. திரும்பப் படிச்சாரு. "எவ்வளவு நாளாக்கா இது?"ன்னாரு. ரெண்டு மாசம்னேன். ஒரு நாளைக்கு எவ்வளவுன்னாரு. ஒண்ணர டீஸ்பூனு வரும்னேன். கண்ணாடியக் கழட்டிட்டாரு.

நாந்தான் விடாமக் கேட்டேன். சொல்லு தம்பி, என்ன எழுதியிருக்கு, சொல்லுன்னு. "சோடியத்தக் கொறச்சுட்டு, அந்த எடத்துல பொட்டாசியத்தப் போட்டிருக்காங்கக்கா. கிட்னி நோயாளிக டாக்டரக் கேக்காம சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கு"ன்னாரு. முன்னாடி தமிழ்ல போட்டவன் பின்னாடியும் தமிழ்ல போட்டிருக்கலாம். ஆனா ஒண்ணு, போட்டிருந்தாலும் நான் திருப்பிப் பாத்திருப்பேனான்னு தெரியல.

பாக்கெட்டுல போட்டிருந்த அளவ ஜோயல் தம்பிகிட்டக் கேட்டுக்கிட்டு, வீட்டுக்குப் போயி நோட்ட எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரத்தி எரநூறு மில்லிகிராம் வருது. ஒரு டம்ளரு இளநி அறுநூறு. அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளரு இளநி. பவுன்தாயி ஒரு டம்ளரு குடுத்தா, ஒரே ஒரு நாளு. நான் தெனமும் ரெண்டு டம்ளரு, ரெண்டு மாசம். சக்கையில ஊத்தி ஊத்திக் குடுத்திருக்கேன். கசக்குதுன்னு சொன்னாரு தாயி. அந்த மனுசன் நாக்குக்கு இருந்த அறிவு எனக்கு இல்ல.

அந்தா சொவத்துல ஒட்டியிருக்கு பாரு, உப்புப் பாக்கெட்டு படம் போட்டு மேல பெருக்கல் குறி. அது ஜோயல் தம்பி ஒட்டுனது. எம்பேரச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். சொல்லல, நல்ல பிள்ள. அந்தக் காகிதத்த யாரு பாக்குறா? மொத நாளு வர்றவங்க கதவத்தான் பாக்குறாங்க. அதான் நான் வர்றேன். பையத் தொறந்து காட்டுன்னு கேப்பேன். ரெண்டு பேரு பையில இருந்துச்சு. எடுத்து அந்தக் குப்பத்தொட்டியில போட்டேன். ஒரு பொம்பள சண்டைக்கே வந்துருச்சு.

பவுன்தாயியா? இருக்கா.

அந்தத் தென்னைய வெட்டிட்டா. காய்க்கிற மரம். அவ புருசன் போன் பண்ணி, "நீங்களாச்சும் சொல்லுங்க, சாப்பிடவே மாட்டேங்குறா"ன்னாரு. என்ன சொல்லச் சொல்ற? சொல்லணும்னுதான் இருந்தேன். முப்பதாம் நாளு கும்புடுக்கு வருவா, நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவ வரல. வந்தா சனம் பாக்குமேன்னு பயந்துக்கிட்டு வரல. பொங்கலுக்குச் சொல்லலாம்னா, கேதம் விழுந்த வீட்டுல பொங்கல் இல்ல. போன்ல சொல்ற விசயமா இது? அதுவும் போக, பந்தல்ல அம்புட்டுச் சனம் கேட்டுச்சு. இப்ப இவகிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? ஒவ்வொருத்தரு வீட்டுக்கா போயிச் சொல்ல முடியும்? எனக்கும் முட்டி வலி. சொன்னா மட்டும் அவரு எந்திரிச்சா வரப் போறாரு? நான் இங்க வர்றேன், நாலு பேரக் காப்பாத்துறேன். அது பத்தாதா?

முந்தாநா அவளே கூப்புட்டா. எடுத்தேன். "மதினி, ஒண்ணு கேக்கவா, கோவிச்சுக்க மாட்டீகளே"ன்னா. கேளுன்னேன். "அன்னைக்கு அண்ணே டம்ளர முழுசாக் குடிக்கல மதினி. ஒச்சம்மாவுக்குத் தெரிஞ்சா வையும்னு சொல்லி ரெண்டு மடக்கு மிச்சம் வெச்சாரு. அத நாந்தான் குடிச்சேன். அந்த ரெண்டு மடக்கக் கழிச்சா எம்புட்டு மதினி வரும்? நீங்க சொன்னீகளே, அறுநூறுன்னு. அதுல அதக் கழிச்சா?"

அஞ்சு மாசமா இத வெச்சுக்கிட்டு இருந்திருக்கா போல.

இருடின்னு சொல்லிட்டு நோட்ட எடுத்தேன். ஒரு டம்ளரு பத்து மடக்குன்னு வெச்சுக்கிட்டேன். ரெண்டு மடக்கு நூத்தி இருவது. கழிச்சா நானூத்தி எம்பதுன்னேன்.

"அறுநூறு இல்லல்ல மதினி?"ன்னா.

இல்லன்னேன்.

"நானூத்தி எம்பதுதான்"னு அவளுக்குள்ளயே ஒரு தடவ சொல்லிக்கிட்டா. குரலு கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. "வெச்சிரவா மதினி"ன்னா. வையின்னேன்.

கணக்கு சரிதான் தாயி. ரெண்டு தடவ போட்டுப் பாத்துத்தான் சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குற? கதவ எதுக்குப் பாக்குற, இன்னும் ஒண்ணர மணி நேரம் இருக்கு. அந்தப் பையத் தொற. உங்கய்யாவுக்கு என்ன உப்பு போடுறன்னு பாப்போம்.